காசைக் கொட்டி வாங்கிய ஹெட்ஃபோன் சப்பென்று இருக்கிறதா? உங்கள் முன் இருக்கும் நான்கு வழிகள்

போன மாதம் அக்கா மகன் போன் செய்தான். ஆறு மாதமாகச் சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வைத்து, 38,000 ரூபாய்க்கு ஒரு ஓபன் பேக் (முதுகு திறந்த) ஹெட்ஃபோன் வாங்கியிருந்தான். பெட்டியைப் பிரித்து ஒரு மணி நேரம் கேட்டுவிட்டுத்தான் கூப்பிட்டான். "மாமா, என் பழைய ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் இயர்ஃபோனே இதைவிட நல்லா இருக்கிற மாதிரி தோணுது. என் காதுல ஏதாவது கோளாறா?" என்றான். குரல் இறங்கியிருந்தது.

இதே கேள்வியோடு எனக்கு எழுதுகிறவர்கள் பலர். சிலர் பெட்டியை மூடி அலமாரியில் வைத்துவிட்டார்கள். சிலர் அடுத்ததாக ஒரு ஆம்ப் (ஒலியை உரக்கத் தரும் பெருக்கி) வாங்கினால் சரியாகிவிடுமா என்று கேட்கிறார்கள். வீட்டில் விலையைச் சொல்லாமல் வாங்கியவர்களின் மனக்கஷ்டம் தனி. எனக்கும் இது நடந்திருக்கிறது. 300 ஓம் (மின்தடை அளவு) ஹெட்ஃபோன் ஒன்றை வாங்கிய முதல் இரவு, நானும் தூங்காமல் பழைய இயர்ஃபோனையும் அதையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் உங்கள் காதில் கோளாறு இல்லை. விலைக்கும் ஒலியின் சமநிலைக்கும் இருக்கும் தொடர்பு நாம் நினைக்கிற அளவு கெட்டியானது இல்லை. யெரூன் ப்ரீபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்ஃபோன்களை அளந்து 2017-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார். எந்த அதிர்வெண் எவ்வளவு உரக்க வருகிறது என்ற கணக்குக்கும் விற்பனை விலைக்கும் தொடர்பே தெரியவில்லை என்பதுதான் அதன் முடிவு. விலை ஏற ஏறக் கட்டுமானம், பொருளின் தரம், அணியும் சுகம் எல்லாம் கூடலாம். "பாட்டு இனிமையாகக் கேட்கும்" என்பது விலைப்பட்டியலோடு சேர்ந்து வருவதில்லை.

எதை வைத்து முடிவெடுப்பது

ஒரு தாளை எடுத்து, எது குறைகிறது என்று ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள். எல்லாவற்றிலும் முக்கியமான வேலை இதுதான். "பேஸ் (கீழ் ஒலி) இடிக்கவில்லை", "பாடகியின் 'ஸ' காதைக் குத்துகிறது", "வால்யூம் முழுதாக வைத்தும் போதவில்லை", "அரை மணியில் தலை வலிக்கிறது", "தெருச்சத்தம் உள்ளே வருகிறது" என்று எழுத முடிந்தால் பாதி வழி கடந்துவிட்டீர்கள். "குறை என்று ஒன்றும் இல்லை, ஆனால் பிரம்மாண்டமாக எதுவும் நடக்கவில்லை" என்று எழுதினால் அதுவும் பதில்தான். அதற்கான வழி வேறு.

இரண்டாவது, நாள் கணக்கு. திருப்பிக் கொடுக்க எத்தனை நாள் இருக்கிறது என்று பில்லைப் பாருங்கள். மூன்றாவது, திரும்பி வராத பணம் எவ்வளவு என்பது. நான்காவது, எங்கே, எந்த நேரத்தில் கேட்கிறீர்கள். ஐந்தாவது, என்ன கேட்கிறீர்கள்.

அந்த ஐந்தாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நம் பழைய சினிமாப் பாடல்கள் 70களின் கடைசி வரை பெரும்பாலும் மோனோவில், அதாவது இரண்டு காதுக்கும் ஒரே ஒலியாக, பதிவானவை. ஹெட்ஃபோனில் மோனோ என்றால் குரலும் வயலினும் தபலாவும் தலையின் நடுவில் ஒரே புள்ளியில் உட்காரும். "மேடை விரிந்து தெரியும்" என்று விமர்சனத்தில் படித்துவிட்டு அந்தப் பாடல்களைப் போட்டால், விரிவதற்கு அதில் ஒன்றும் இல்லை. அதேபோல, கேசட்டிலிருந்து யாரோ ஏற்றி வைத்த 80களின் பாடலை நல்ல ஹெட்ஃபோனில் கேட்டால், இரைச்சலும் தேய்ந்த நாடாவும்தான் முன்னைவிடத் தெளிவாகக் கேட்கும். அதே பாடலின் ஒழுங்கான பதிப்பைத் தேடிப் பிடித்துக் கேட்டுவிட்டு மேலே போங்கள். ஹெட்ஃபோன் மீது வந்த கோபம் சில சமயம் அங்கேயே தீர்ந்துவிடும்.

வழி 1: சில வாரம் வைத்துப் பழகுவது

பணச் செலவு இல்லை. வேண்டியது பொறுமை.

நம் மூளை ஒரு ஒலிச்சாயலுக்குப் பழகிவிட்டால் அதையே "சரி" என்று எடுத்துக்கொள்கிறது. மலிவான இயர்ஃபோன்கள் பலவற்றில் பேஸைத் தூக்கி வைத்திருப்பார்கள். இரண்டு வருடம் அதில் கேட்ட காதுக்குச் சமமான ஒலி வெறிச்சென்றுதான் இருக்கும். ஆகவே இரண்டு வாரம் பழையதைத் தொடாதீர்கள். அப்புறம் ஒரு நாள் அதை எடுத்து நன்றாகத் தெரிந்த ஒரு பாட்டைக் கேளுங்கள். என் விஷயத்தில் பதினாறாவது நாள் அப்படிச் செய்தேன். ஒரு கச்சேரிப் பதிவு. மிருதங்கத்தின் தொப்பியில் (இடப்பக்கத்தில்) கும்கி (கையைத் தேய்த்து எழுப்பும் வளைவான நாதம்) கொடுக்கும்போது, புது ஹெட்ஃபோனில் அந்த நாதம் வளைவது தனியாகக் கேட்டது. பழைய இயர்ஃபோனில் அது "தும்" என்ற ஒரே வீக்கமாக இருந்தது. பாடகரின் கீழ்ஸ்தாயியையும் சேர்த்து மூடியது. இரண்டு வருடம் அதைத்தான் பேஸ் என்று நினைத்திருந்தேன்.

ஒப்பிடும்போது இரண்டின் சத்தமும் சமமாக இருக்க வேண்டும். ஒரு டெசிபல் உரக்க இருந்தாலே மனம் அதை "நல்ல ஒலி" என்று எடுத்துக்கொள்ளும். உயர் ஓம் ஹெட்ஃபோன் அதே வால்யூம் அளவில் பெரும்பாலும் மெதுவாகத்தான் ஒலிக்கும். முதல் நாள் ஏமாற்றங்களில் பாதி இதனால்தான் என்பது என் கணிப்பு. மெதுவாகக் கேட்கும்போது காதுக்கு பேஸ் இன்னும் குறைவாகத் தெரியும். மனிதக் காதின் இயல்பே அது.

அதற்காக வால்யூமைக் கண்டபடி ஏற்றிவிடவும் கூடாது. வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம், 90 டெசிபலில் 4 மணி நேரம் என்பதுதான் உலக சுகாதார அமைப்பு சொல்லும் பாதுகாப்பான அளவு.

இந்த வழியில் மறைந்திருக்கும் செலவு நாள். "நூறு மணி நேரம் ஓடவிட்டால் டிரைவர் (உள்ளே ஒலி எழுப்பும் பாகம்) பழகி ஒலி மாறிவிடும்" என்று யாராவது சொன்னால் அதை நம்பித் திருப்பிக் கொடுக்கும் தேதியைத் தவறவிடாதீர்கள். பழகுவது பெரும்பாலும் நம் காதும், தலைக்கு ஏற்ப அமுங்கும் குஷனும்தான். கையில் பத்து நாள்தான் இருக்கிறது என்றால் ஏழாவது நாள் முடிவெடுத்துவிடுங்கள்.

"பிரம்மாண்டமாக ஒன்றும் நடக்கவில்லை" என்று எழுதியவர்களுக்கு இந்த வழி பொருந்தும். வலிக்கிறது, குத்துகிறது என்று எழுதியவர்கள் இதில் நாளை வீணாக்க வேண்டாம். தலையை அழுத்துகிற பேண்ட் கொஞ்சம் இளகலாம். குத்தும் ட்ரெபிள் (மேல் ஒலி) தானாக இறங்காது.

வழி 2: ஈக்யூ போட்டுத் திருத்துவது

ஈக்யூ என்பது எந்த அதிர்வெண் எவ்வளவு உரக்க வர வேண்டும் என்று கூட்டிக் குறைக்கும் வசதி. நான்கில் எனக்கு மிகவும் பிடித்தது இது. செலவு கிட்டத்தட்ட பூஜ்யம், பிடிக்கவில்லை என்றால் ஒரே தட்டில் பழைய நிலைக்கு வந்துவிடலாம். இருந்தும் நிறையப் பேர் இதைத் தொடுவதில்லை. "இத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கியதைத் திருத்த வேண்டுமா" என்ற எண்ணம் தடுக்கிறது. அந்தத் தயக்கத்தை விட்டுவிடுங்கள். சென்ஹைசர் 2009-ல் கொண்டுவந்த எச்.டி. 800 அந்தக் காலத்தின் உச்ச ரக ஹெட்ஃபோன்களில் ஒன்று. அதில் 6,000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு மேடு உண்டு. பலருக்கு அது காதில் குத்தியது. பின்னால் வந்த எச்.டி. 800 எஸ்-ல் அந்த மேட்டை அவர்களே அடக்கினார்கள். தயாரித்தவர்களே திருத்தியதை நாம் வீட்டில் உட்கார்ந்து திருத்துவதில் தப்பே இல்லை.

விண்டோஸில் ஈக்வலைசர் ஏபிஓ இலவசம். ஆண்ட்ராய்டில் வேவ்லெட் செயலி இருக்கிறது. அதில் உள்ள ஆட்டோ ஈக்யூ பட்டியலில் உங்கள் மாடலைத் தேர்ந்தெடுத்தால், அளந்து வைத்த திருத்தம் அப்படியே வந்து உட்காரும். ஐபோனில் எல்லாச் செயலிக்கும் ஒருசேர வேலை செய்யும் வசதி இல்லாததால், குடெலிக்ஸ் 5கே போல ஈக்யூவைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும் சிறு கருவி ஒன்று தேவைப்படும். அப்போது மட்டும் இந்த வழிக்குச் செலவு உண்டு.

தயார் பட்டியலில் இருப்பதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவற்றில் பல, ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவ் குழுவினர் கேட்பவர்களை வைத்துச் சோதித்து உருவாக்கிய இலக்கு வளைவை (எந்த அதிர்வெண் எவ்வளவு உரக்க வர வேண்டும் என்ற வரைபடத்தை) குறியாகக் கொண்டவை. பலருக்குப் பிடித்த ஒலி அது. உங்களுக்குக் கொஞ்சம் மாறலாம். பேஸ் போதவில்லை என்றால் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே 4 அல்லது 5 டெசிபல் கூட்டிப் பாருங்கள். குத்துகிறது என்றால் 5,000 முதல் 9,000 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொரு இடமாக 3 டெசிபல் குறைத்துக்கொண்டே வாருங்கள். குத்தல் அடங்கும் இடம் உங்களுக்கே தெரியும். கூட்டும்போது ஒன்றை மறக்கக் கூடாது: 5 டெசிபல் கூட்டினால் முன்னால் இருக்கும் ப்ரீஆம்ப் (ஈக்யூ செயலியில் மொத்தச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் இடம்) அளவை 5 டெசிபல் இறக்க வேண்டும். இல்லாவிட்டால் உரக்க வரும் இடங்களில் ஒலி கரகரக்கும். ஈக்யூ போட்டால் ஒலி கெட்டுவிடும் என்று சொல்கிறவர்களில் பலர் கேட்டது இந்தக் கரகரப்பைத்தான்.

இதற்கும் எல்லை உண்டு. பழைய பாணி டைனமிக் (காந்தச் சுருளால் இயங்கும்) ஓபன் பேக்குகள் பலவற்றில் 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி சரிந்துவிடும். அங்கே போய் 10 டெசிபல் தூக்கினால் வருவது அதிர்வு இல்லை, சிதைவு. ப்ளேனர் (தட்டையான மெல்லிய சவ்வால் ஒலி எழுப்பும்) வகையில் அந்த இடத்தில் தாராளமாக இடம் கிடைக்கும். ஆனால் நெஞ்சில் வந்து மோதும் பேஸ் எந்த ஹெட்ஃபோனாலும் தர முடியாத ஒன்று; அது பெரிய ஸ்பீக்கர் உடம்பைத் தொடும் அனுபவம். கோயில் திருவிழாவில் தவில் பக்கத்தில் நின்று கேட்டதை மனதில் வைத்துக்கொண்டு ஹெட்ஃபோனில் தேடினால் கிடைக்காது.

வழி 3: டாக், ஆம்ப் வாங்கிச் சேர்ப்பது

டாக் என்பது டிஜிட்டல் பாட்டை ஹெட்ஃபோனுக்கான மின்னொலியாக மாற்றும் கருவி. ஏமாற்றத்தில் இருப்பவர்களுக்கு மற்றவர்கள் முதலில் சொல்லும் யோசனை இதுதான். நானோ இதைக் கடைசியில்தான் சொல்வேன். காரணத்தைக் கணக்காகவே காட்டுகிறேன்.

சென்ஹைசர் எச்.டி. 650-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 300 ஓம் என்றதும் பெரிய ஆம்ப் இல்லாமல் ஓடாது என்பார்கள். அதற்கு 1 வோல்ட் கொடுத்தால் 103 டெசிபல் சத்தம் தரும் என்பது தயாரிப்பாளரே சொல்லும் அளவு. ஓரளவு நல்ல யூ.எஸ்.பி. டாங்கிள் (போனில் சொருகும் சிறு ஒலி மாற்றி) கிட்டத்தட்ட 1 வோல்ட் தருகிறது. சராசரியாக 80 டெசிபல் பக்கம் கேட்கும் காதுக்கு, உச்சத்தில் 103 என்பது போதும். இன்னும் மேலே, 110 வேண்டும் என்றாலும் 2.2 வோல்ட்தான்; 17 மில்லிவாட்கூட ஆகாது.

இதற்கு நேர் எதிரே ஹைஃபைமேன் சுஸ்வாரா. 60 ஓம்தான். ஆனால் 1 மில்லிவாட்டுக்கு 83 டெசிபல்தான் தரும். அதே 110-ஐத் தொட அரை வாட்டும் ஐந்தரை வோல்ட்டும் வேண்டும்; எச்.டி. 650-க்குத் தேவைப்படுவதைப் போல முப்பது மடங்கு சக்தி. இங்கே ஆம்ப் இல்லாமல் வேலை நடக்காது. ஓம் எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் இந்த இரண்டிலும் தப்பு செய்வோம். பார்க்க வேண்டியது சென்சிடிவிட்டி (எவ்வளவு மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம்) என்று போட்டிருக்கும் எண்ணை.

ஆக, உங்கள் வாக்கியம் "வால்யூம் முழுதாக வைத்தும் போதவில்லை" என்று இருந்தால் ஆம்ப் வாங்குங்கள். அதற்கு முன் ஒரு சின்னச் சோதனை: ஆப்பிள் டாங்கிளை ஆண்ட்ராய்டு போனில் சொருகியிருக்கிறீர்களா? பல போன்களில் அந்தச் சேர்க்கை பாதிச் சத்தத்தோடு நின்றுவிடும். அதே டாங்கிளை லேப்டாப்பில் சொருகிக் கேட்டால் விஷயம் தெரிந்துவிடும். அரைமணி வேலை, பத்தாயிரம் மிச்சம்.

வால்யூம் போதும், ஆனால் ஒலி பிடிக்கவில்லை என்றால் ஆம்ப் அதை மாற்றாது. நல்ல ஆம்பின் வேலையே ஒலியை மாற்றாமல் உரக்கத் தருவதுதான். வால்வு ஆம்ப்கள் சில, உயர் ஓம் ஹெட்ஃபோனோடு சேரும்போது பேஸைக் கொஞ்சம் உப்ப வைக்கும் என்பது உண்மை. அதை ஈக்யூவில் இலவசமாகவே செய்யலாம்.

மறைந்த செலவு இங்கேதான் அதிகம். ஆம்ப் வந்தால் டாக் வேண்டும், அதற்கு ஒரு கேபிள், மேசையில் இடம், ஒரு பிளக் பாயின்ட். ஹெட்ஃபோன் பிடிக்காமல் விற்கப் போகும்போது இதையும் சேர்த்து விற்க வேண்டும். நான் இப்படித்தான் மாட்டிக்கொண்டேன். ஹெட்ஃபோனுக்காக 14,000 ரூபாய்க்கு ஆம்ப் வாங்கினேன். சத்தத்தைச் சமப்படுத்தி, வீட்டுக்காரியை மாற்றிப் போடச் சொல்லிக் கண்ணை மூடிக் கேட்டபோது எது டாங்கிள், எது ஆம்ப் என்று சொல்ல முடியவில்லை. பத்து முறை கேட்டேன், ஆறுதான் சரி. ஆயிரக்கணக்கில் விற்கும் 'அப்கிரேட்' கேபிள்களைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை, வாங்க வேண்டாம்.

வழி 4: திருப்பிக் கொடுப்பது, அல்லது விற்றுவிட்டு வேறு ரகம் வாங்குவது

இதைத் தோல்வியாகப் பார்க்க வேண்டாம். மே மாதம் மின்விசிறியை நிறுத்த முடியாத வீட்டில் ஓபன் பேக் ஹெட்ஃபோன் பொருத்தமில்லாத பொருள். அதன் முதுகு திறந்திருக்கிறது. விசிறியின் சத்தம், பக்கத்து அறை டிவி, குக்கர் விசில் எல்லாம் நேராக உள்ளே வரும். மெல்லிய தம்புரா நாதத்துக்கும் பாடகரின் மூச்சுக்கும்தான் அத்தனை காசு கொடுத்தோம். விசிறி முதலில் மூடுவது அவற்றைத்தான். எந்த ஈக்யூவும் ஆம்பும் இதைச் சரிசெய்யாது. குஷனுக்குள் வேர்ப்பதும் அப்படித்தான். தோல் மாதிரி குஷனைத் துணிக் குஷனாக மாற்றினால் வேர்வை குறையும், ஆனால் பேஸும் கொஞ்சம் மாறும்.

நம் ஊரில் இந்த வழியின் சிக்கல், "பிடிக்கவில்லை" என்பதைப் பல ஆன்லைன் கடைகள் காரணமாக எடுத்துக்கொள்வதில்லை. பழுது இருந்தால் மாற்றித் தருவார்கள், அவ்வளவுதான். காதுக்குள் போகும் இயர்ஃபோன் என்றால் சுகாதாரக் காரணம் சொல்லி முற்றிலும் மறுப்பதும் உண்டு. வெளிநாட்டிலிருந்து வரவழைத்திருந்தால், திருப்பி அனுப்பும் கூரியர் செலவைக் கேட்டாலே மனம் மாறிவிடும். வாரன்ட்டியும் இங்கே செல்லாமல் போகலாம். விற்பதென்றால், நான் விற்ற இரண்டிலும் வாங்கிய விலையில் கால்வாசி போனது. பெட்டி, பில், கூட வந்த கேபிள், அழுக்கில்லாத குஷன் இவை இருந்தால் நஷ்டம் குறையும். முதல் மாதம் விற்பதற்கும் ஒரு வருடம் அலமாரியில் வைத்துவிட்டு விற்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

விற்ற பிறகு "இன்னும் விலை கூடியது வாங்கினால் பிடிக்கும்" என்று மேலே ஏறாதீர்கள். ரகத்தை மாற்றுங்கள். சத்தம்தான் பிரச்சினை என்றால் காதை அடைக்கும் இன் இயர் அல்லது நாய்ஸ் கேன்சலிங். இன் இயர் உலகில் மூண்ட்ராப் சூ, ட்ரூதியர் போன்றவை வந்த பிறகு சில ஆயிரம் ரூபாயிலேயே நல்ல சமநிலை கிடைக்கிறது. ஆழமான பேஸ் என்றால் ப்ளேனர். நெஞ்சில் மோத வேண்டும் என்றால், இடமும் பொறுமையான அக்கம்பக்கமும் இருந்தால், ஸ்பீக்கர்.

ஒரே பார்வையில்

| வழி | செலவு | மறைந்திருப்பது | எப்போது சரி |
|---|---|---|---|
| பழகுவது | இல்லை | திருப்பும் தேதி தவறிப்போகும் | குறை என்று ஒன்றும் சொல்ல முடியாதபோது |
| ஈக்யூ | பெரும்பாலும் இல்லை | ஓரிரு மாலை நேரம். ஐபோனுக்குத் தனிக் கருவி | பேஸ் போதாதபோது, ட்ரெபிள் குத்தும்போது |
| ஆம்ப் | சில ஆயிரம் முதல் மேலே | டாக், கேபிள், இடம், விற்கும்போது இரட்டை நஷ்டம் | சத்தமே போதாதபோது மட்டும் |
| விற்பது | வாங்கியதில் கால்வாசி போகலாம் | தாமதிக்கத் தாமதிக்க விலை இறங்கும் | வெளிச்சத்தம், வலி, வேர்வை |

அக்கா மகன் என்ன செய்தான்

அவன் தாளில் எழுதியது இரண்டு வாக்கியம்: "பேஸ் இல்லை. ரூம்மேட் பேசுவது கேட்கிறது." வேளச்சேரியில் மூன்று பேர் சேர்ந்து எடுத்த வீடு அது. முதல் வாக்கியத்துக்கு ஈக்யூ போட்டுக் கொடுத்தேன். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே 5 டெசிபல் கூட்டி, ப்ரீஆம்பை அதே அளவு இறக்கினோம். என் வீட்டில், விசிறியை நிறுத்திவிட்டு, அவனுக்குப் பிடித்த நான்கு பாட்டைக் கேட்டான். மூன்றாவது பாட்டில் நிமிர்ந்து பார்த்து, "மாமா, கோரஸ்ல ரெண்டு பொம்பளக் குரல் தனித்தனியா இருக்கு, இத்தனை நாள் ஒண்ணுன்னு நெனச்சேன்" என்றான். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

இரண்டாவது வாக்கியத்துக்கு என்னிடம் மருந்து இல்லை. தன் அறைக்குத் திரும்பி ஒரு வாரம் பார்த்தான். ரூம்மேட்டின் கிரிக்கெட் வர்ணனைதான் பாட்டைவிடத் தெளிவாகக் கேட்டதாம். பெட்டியும் பில்லும் பத்திரமாக வைத்திருந்ததால் 30,000 கிடைத்தது. 2,300 ரூபாய்க்கு ஒரு இன் இயர் வாங்கினான். எட்டாயிரம் போனதில் வருத்தம் இருக்கிறது அவனுக்கு, இருக்காதா பின்னே. தனி வீடு எடுத்ததும் திரும்பவும் ஓபன் பேக் வாங்குவேன் என்கிறான்; இப்போதைக்கு என்னுடையதைக் கேட்க ஞாயிற்றுக்கிழமை இரவுகளில் வருகிறான். பதினொரு மணிக்கு மேல்தான் எங்கள் தெரு அடங்கும்.